வீட்டு சர்வரை ஏன் மாற்றினேன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது?" சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் முன்பெல்லாம் இதற்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். 2024 நவம்பருக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. அந்த மாதத்தில் என் வீட்டு வெப் சர்வருக்கு நேர்ந்த கதியும், அதன் பிறகு அதில் இருந்த லினக்ஸை எடுத்துவிட்டு ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு சிஸ்டத்தை நான் பதிந்ததும்தான் காரணம். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து எனக்கு உண்டான கருத்தையும் இங்கு சொல்கிறேன்.

சர்வர் என்றவுடன் குளிரூட்டப்பட்ட அறையில் நிற்கும் பெரிய இயந்திரத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு வெப்சைட்டின் பக்கங்களை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் வெப் சர்வர்தான். என்னுடையது கல்லூரி நாளில் வாங்கிய பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு யுபிஎஸ்ஸுடன் உட்கார்ந்திருக்கிறது. இண்டர்நெட் இணைப்பு தருபவரிடம் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி முகவரி வாங்கியிருக்கிறேன். பல வீட்டு இணைப்புகளில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால், இது இல்லாமல் வெளியிலிருந்து யாரும் நம் கம்ப்யூட்டரை அடைய முடியாது.

அதில் இருப்பது என் அப்பாவின் வெப்சைட். அப்பா ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். பத்தாம் வகுப்புக் கணக்குகளை ஒவ்வொரு படியாக விளக்கித் தமிழில் எழுதி வைப்பார். அவரிடம் படித்த பிள்ளைகளும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் இரவு நேரத்தில் போனில் திறந்து பார்ப்பார்கள். 200க்கும் மேற்பட்ட பாடங்கள் சேர்ந்திருந்தன.

அந்த நவம்பரில் ஒரு நாள் இரவு அப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, நம்ம பக்கத்தைத் திறந்தா சீட்டு விளையாடக் கூப்பிடுதாமே? ஒரு பொண்ணோட அம்மா போன் பண்ணிக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

குற்றவாளி யார்?

உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. பாடங்களை எழுதி வெளியிட நான் போட்டிருந்த புரோகிராமில் ஒரு பழைய பிளக்-இன் இருந்தது. அதை 2 ஆண்டுகளாக நான் அப்டேட் செய்யவில்லை. அதில் இருந்த ஓட்டை வழியாக யாரோ நுழைந்து, ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள். போனில் திறப்பவரை அந்த வரி சூதாட்டத் தளத்திற்குத் திருப்பிவிடும். 6 பாடங்களை முழுவதுமாக அழித்துவிட்டு விளம்பரத்தை நிரப்பியிருந்தார்கள்.

பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய்ப் பார்த்தேன். தினமும் இரவு பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தேன். ஆனால் முந்தைய நாள் காப்பியின் மேலேயே புதிய காப்பி எழுதப்படும். அதனால் பேக்கப்பிலும் அந்த 6 பாடங்களுக்குப் பதில் சீட்டுக்கட்டு விளம்பரம்தான் இருந்தது. ஒரே ஒரு காப்பி வைத்திருப்பது பேக்கப் ஆகாது என்பதை நான் கற்றுக்கொண்ட இரவு அது. அப்பா திட்டவில்லை. "மறுபடி எழுதிட்டாப் போச்சு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு 6 பாடங்களையும் திரும்ப எழுதினார். அதற்கு அவருக்கு 9 நாட்கள் ஆயின. அந்த 9 நாட்களும் வெப்சைட் மூடியே இருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழைய வழிவிட்டது லினக்ஸ் அல்ல. நான் அப்டேட் செய்யாமல் விட்ட பிளக்-இன். ஓபன்பிஎஸ்டி சிஸ்டத்தில் அதே பிளக்-இன்னைப் போட்டு அதே போல மறந்திருந்தால், அதே பாடங்கள் அதே போலக் கெட்டிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஏன் மாற்றினேன்? முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்துபோன கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அவர் வேறு எங்கே எதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் பதிவதே பாதுகாப்பு. எப்படியும் புதிதாகப் பதிய வேண்டும் என்றான பிறகு, "எதைப் பதிவது?" என்ற கேள்வியை முதல் முறையாக உட்கார்ந்து யோசித்தேன்.

10 ஆண்டு என்ற தூக்க மாத்திரை

என் சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. 2014 ஜூலையில் வெளியான லினக்ஸ் தொகுப்பு இது. 2024 ஜூன் 30 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும் என்பது நெடுநாட்களாக அறிவிக்கப்பட்டிருந்த தேதி. அந்தத் தேதி எனக்குத் தெரியும். அலுவலகத்தில் இதற்காகவே கூட்டம் போட்டுப் பல சர்வர்களை மாற்றினோம். வீட்டில் இருந்த ஒன்றை மட்டும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டிருந்தேன். 5 மாதங்கள் ஓடிவிட்டன.

10 ஆண்டு ஆதரவு என்று கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான சர்வர்களை வைத்திருக்கும் நிறுவனத்திற்கு அது தேவையும்கூட. ஆனால் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருப்பவருக்கு அந்த 10 ஆண்டு ஒரு தூக்க மாத்திரை என்பது என் கருத்து. நீண்ட காலம் இருக்கிறது என்பதால் நாம் எதையும் தொடுவதில்லை. தொடாததால் எப்படி அமைத்தோம் என்பதே மறந்துபோகிறது. மறந்துபோனதால் தொடவே பயம் வருகிறது. கடைசித் தேதி வரும்போது, 10 ஆண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வாக்குறுதியும் எப்போதும் நிலைப்பதில்லை. சென்ட்ஓஎஸ் 8, 2019 செப்டம்பரில் வெளியானது. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதை 2021ஆம் ஆண்டு இறுதியோடு முடித்தது. அதன் பிறகே ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் ஆகியவை பிறந்தன.

ஓபன்பிஎஸ்டி என்பது என்ன?

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் யூனிக்ஸ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதை வளர்த்து வெளியிட்டதுதான் பிஎஸ்டி. அந்த வழியில் வந்தவை 1993ல் தொடங்கிய ப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஆகியவை. நெட்பிஎஸ்டியிலிருந்து 1995ல் பிரிந்து தியோ டி ராட் தொடங்கியது ஓபன்பிஎஸ்டி. லினக்ஸோ, 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் யூனிக்ஸைப் போலவே இயங்கும்படி புதிதாக எழுதிய கெர்னல். பக்கத்து வீட்டுக்காரர்கள் போல இவற்றுக்குப் பழக்கவழக்கம் ஒன்று. பிறந்த வீடு வேறு.

எல்லாமே எங்கோ நிபுணர்களுக்கானவை என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். நெட்பிளிக்ஸ் படங்களை அனுப்பும் அந்த நிறுவனத்தின் சர்வர்களில் இயங்குவது ப்ரீபிஎஸ்டி. தூரத்தில் உள்ள கம்ப்யூட்டருடன் பாதுகாப்பாகப் பேச உலகம் முழுவதும் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் புரோகிராமை எழுதியவர்கள் ஓபன்பிஎஸ்டி குழுவினர். இன்று விண்டோஸிலும் அது கிடைக்கிறது.

நான் ஓபன்பிஎஸ்டியைத் தேர்ந்தெடுக்க 3 காரணங்கள் இருந்தன.

முதலாவது, அது 6 மாதத்திற்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. கடைசி 2 பதிப்புகளுக்கு மட்டுமே அப்டேட் தருகிறது. ஆக, ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் ஓராண்டுதான். பலர் இதைக் குறை என்பார்கள். என்னைப் போன்ற சோம்பேறிக்கு இதுவே மருந்து. 6 மாதத்திற்கு ஒரு முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்அப்கிரேட் என்ற ஒரே கட்டளையைக் கொடுக்கிறேன். அதுவே புதிய பதிப்பை டவுண்லோட் செய்து, ரீபூட் ஆகி, தன்னைப் புதுப்பித்துக்கொண்டு திரும்ப வருகிறது. பிறகு தனியாகச் சேர்த்த புரோகிராம்களையும் புதுப்பிக்க வேண்டும். நடுவில் வரும் சிறு திருத்தங்களுக்கு சிஸ்பேட்ச் என்ற கட்டளை. மாற்றம் சிறியதாக இருப்பதால் பயமும் சிறியதாக இருக்கிறது.

இரண்டாவது, எனக்குத் தேவையானவை எல்லாம் சிஸ்டத்துடனேயே வருகின்றன. வெப் சர்வர், பாதுகாப்புச் சான்றிதழ் பெறும் புரோகிராம், பயர்வால் எதையும் தேடிப் பிடித்து இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாட்களில் காலாவதியாகும்; அதைத் தானாகப் புதுப்பிக்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். இந்த வெப் சர்வரால் தனக்கென ஒதுக்கிய போல்டருக்கு வெளியே எதையும் பார்க்க முடியாது. வாடகைக்கு விட்ட முன்அறையிலிருந்து உள் அறைக்குக் கதவே இல்லாதது போல.

மூன்றாவது, உதவிப் பக்கங்கள். மேன் என்று டைப் செய்து, எந்தக் கட்டளையைப் பற்றியும் படிக்கலாம். அங்கே எழுதியிருப்பதும் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒரே பதிப்புக்கு உரியவை. 5 ஆண்டுக்கு முன் யாரோ எழுதி வைத்த குறிப்பைத் தேடிப் பார்த்து, அது பொருந்தாமல் விழிக்கும் தொல்லை குறைவு.

இத்துடன் இன்னொன்றும் செய்தேன். உண்மையில் பாதுகாப்பைக் கூட்டியது இதுதான். அப்பாவின் பாடங்கள் அனைத்தையும் சாதாரண ஹெச்டிஎம்எல் பைல்களாக மாற்றிவிட்டேன். டேட்டாபேஸ் இல்லை, பிளக்-இன் இல்லை, வெளியிலிருந்து லாகின் செய்யும் பக்கம் இல்லை. இல்லாத கதவை யாரும் உடைக்க முடியாது.

மாற்றும்போது பட்ட பாடு

எல்லாம் சுமுகமாக நடந்ததாக எண்ண வேண்டாம். முதலில், பழைய டிஸ்க்கில் இருந்த எக்ஸ்எப்எஸ் என்ற அமைப்பை ஓபன்பிஎஸ்டியால் படிக்க முடியாது. அதனால் அப்பாவின் பைல்களை ஒரே பெரிய பைலாகக் கட்டி, வெளியில் இணைக்கும் டிஸ்க்கில் எழுதப் போனேன். அந்த டிஸ்க் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டது. இம்முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அப்பாவின் வீடியோக்களும் சேர்ந்ததால் பாதியில் நின்றுவிட்டது. பிறகு இன்னொரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைத்து அதற்கு மாற்றினேன்.

அடுத்து, புதிய சர்வரில் பக்கத்தைத் திறந்தால் பழைய பாடங்கள் சில பிரவுசர்களில் தமிழாகவே தெரியவில்லை. தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக வந்தன. பைல் எதுவும் கெடவில்லை. பழைய சர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்பும்போது "இது யுடிஎப்-8 முறையில் உள்ளது" என்று சொல்லி அனுப்பி வந்தது. புதிய சர்வர் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்தின் உள்ளேயும் நான் அதைக் குறிப்பிடாததால் பிரவுசர் குழம்பிவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஒரு வரியைச் சேர்த்தபின் தமிழ் திரும்பியது. தமிழில் வெப்சைட் வைத்திருப்பவர்கள் சர்வரை மாற்றும்போது இதை முதலில் பாருங்கள்.

கடைசியாக நடந்ததுதான் மோசமானது. பேக்கப் எடுக்கும் என் சிறு ஸ்கிரிப்ட், பாஷ் என்ற ஷெல்லை நம்பி எழுதப்பட்டது. லினக்ஸ் தொகுப்புகளில் பாஷ் பொதுவாகக் கூடவே வரும். ஓபன்பிஎஸ்டியில் அதை நாமாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் அது இருக்கும் இடம் வேறு. ஆக, ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. 11 நாட்கள் பேக்கப் எடுக்கப்படவில்லை. ஒரு பேக்கப்பால் அடிபட்டவன் மறுபடியும் சரிபார்க்காமல் இருந்திருக்கிறேன்!

தற்செயலாக, சர்வருக்குள்ளேயே ரூட் பயனாளருக்கு வந்திருந்த மெயிலைத் திறந்தேன். ஒவ்வொரு இரவும் "ஸ்கிரிப்டை இயக்க முடியவில்லை" என்று சிஸ்டம் எனக்குத் தகவல் அனுப்பியிருந்தது. 11 தகவல்கள். படிக்கத்தான் ஆள் இல்லை. இப்போது அந்த மெயில்கள் நான் தினமும் பார்க்கும் முகவரிக்கே வரும்படி செய்துவிட்டேன். பேக்கப்பும் இப்போது 7 நாளைக்கு 7 தனித்தனிக் காப்பிகள். அதோடு மாதம் ஒரு முறை ஒரு காப்பியை அப்பா வீட்டில் உள்ள டிஸ்க்கில் வைக்கிறேன்.

நீங்களும் மாற வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஓபன்பிஎஸ்டியில் குறைகள் இல்லாமல் இல்லை. புளூடூத் வேலை செய்யாது. என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் டிரைவர் இதற்குக் கிடையாது. அலுவலகத்தில் நான் தினமும் பயன்படுத்தும் டாக்கர் இதில் ஓடாது. திடீரென்று கரண்ட் போனால், மறுபடி ஆன் ஆகும்போது டிஸ்க் முழுவதையும் சரிபார்க்க நேரம் எடுத்துக்கொள்ளும். சில சமயம் நாமே கீபோர்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யுபிஎஸ் இல்லாமல் இதை வைக்கவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் இசட்எப்எஸ் வசதியுள்ள ப்ரீபிஎஸ்டி மேலானது.

6 மாதத்திற்கு ஒரு முறை உட்கார முடியாது என்பவர்கள் டெபியன் லினக்ஸைப் பதிந்து, பாதுகாப்பு அப்டேட்கள் தானாகவே பதியும்படி அமைத்துவிடலாம். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்கிறது. அதிலும் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் சராசரியாக 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓட மாதம் 43 யூனிட். இரண்டு மாத பில்லில் 86 யூனிட். 10 வாட் எடுக்கும் சிறிய கம்ப்யூட்டர் என்றால் இரண்டு மாதத்திற்கு 14 யூனிட்தான். சும்மா கிடக்கிறதே என்று பழைய கம்ப்யூட்டரை சர்வராக்குவதும் இலவசம் அல்ல.

சர்வரே வைக்காதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று அதை அப்படியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என் சர்வரும் நவம்பர் வரை நன்றாகத்தான் ஓடியது.

ஆகவே, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போது நான் 3 கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். உங்கள் சிஸ்டத்திற்கு அப்டேட் என்று முடிகிறது? நாளை டிஸ்க் போனால் எந்தக் காப்பியிலிருந்து எடுப்பீர்கள், அதை ஒரு முறையாவது எடுத்துப் பார்த்தீர்களா? உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்களில் தேவையில்லாதவை எத்தனை? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் எந்த சிஸ்டத்தை வைத்திருந்தாலும் நல்ல சிஸ்டம்தான் வைத்திருக்கிறார். பதில் தெரியாதவருக்கு ஓபன்பிஎஸ்டியும் காப்பாற்றாது.

அப்பாவுக்கு எந்த சிஸ்டம் மாறியது என்பது தெரியாது. அவர் கேட்டதும் இல்லை. திரும்ப எழுதிய 6 பாடங்களில், இரண்டில் பழைய விடை தவறாக இருந்ததாகவும் இப்போது திருத்திவிட்டதாகவும் சொன்னார். அவருடைய பாடங்களுக்கு அவர் போடும் அப்டேட் அது. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு பைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அது சரியாகத் திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், பிரச்னை வருவதற்கு முன்பே தெரிந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.